மரண வாக்குமூலம், முப்பத்து மூன்று ஜிபி

சாஸ்கடூனுக்கு வடக்கே, பதினொன்றாம் நெடுஞ்சாலை ஓரம்
இழுவை வண்டிக் கம்பெனியில் இரவுப் பணி.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
மேசைக்கு அடியில் ஒரு ஹீட்டர்,
என் இடது முழங்காலுக்கு மட்டும் வேலை செய்யும்.

பள்ளத்தில் கவிழ்ந்த கொரோலாவை
வெய்ன் படமெடுத்து அனுப்புகிறான்.
பன்னிரண்டு படம், இன்சூரன்ஸுக்கு.
சேமி என்றேன்.
இடமில்லை என்றது.

சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு,
காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி.

முதலில் கிறிஸ்துமஸ் விருந்துப் படங்களைத் தூக்கினேன்.
முதலாளி டாரில் ஸ்னோமொபைலிலிருந்து விழும் வீடியோவை
மூன்று பிரதிகளில் இரண்டை.
போதவில்லை.
யானை வீட்டுக்குள் படுத்திருக்க
எலிகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

மூஸ் ஜாவிலிருந்து லொரெய்ன், தூக்கக் குரலில்:
"அந்தப் பொட்டி விழும்போதெல்லாம்
அந்த நொடி மனசில் இருந்ததை
அப்படியே கொட்டிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடும்.
யாராவது வந்து ஏன் செத்தோம் என்று பார்ப்பார்களாம்.
பார்க்க ஆள் கிடையாது. அழி.
அழிக்கிற முன்னே எனக்கொன்று சொல்,
அதற்கு யார் அவ்வளவு மெமரி வாங்கிக் கொடுத்தது?"
டாரிலின் மகன். கேம் விளையாட.
அவன் வான்கூவர் போய் நாலு வருஷம்.

போலீஸ் பாஷையில் மரண வாக்குமூலம்.
ஒன்று மட்டும் முப்பத்து மூன்று ஜிபி.
பக்கத்து அறையில் குட்டிகள் பத்தொன்பது,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் விழுந்த தேதி.

நவம்பர் ஒன்பது: உறைமழை.
ஒரே ராத்திரியில் இருபத்தேழு அழைப்பு.
சாலையில் வண்டிகள் விழுந்தன, இங்கே இதுவும் விழுந்தது.
டிசம்பர் இரண்டு: ஒன்றும் நினைவில்லை.
டிசம்பர் மூன்று: அதுவும்.
பதிவேட்டைப் புரட்டினேன், ஒரு மான், ஒரு டாட்ஜ்.

பெரியது ஜனவரி இருபத்து மூன்று, விடிகாலை மூன்று நாற்பத்தொன்று.
இது எனக்குத் தெரியும்.
தங்கை பூங்கோதைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்,
பத்திரத்தில் என் பெயர் விடுபட்ட கதை,
எட்டு வருஷக் கணக்கு, வட்டியோடு.
அவள் புருஷனைப் பற்றி ஒரு பத்தி.
அவள் பிள்ளையைப் பற்றி ஒரு வரி,
அதை எழுதியிருக்கக் கூடாது.
அனுப்ப விரல் போன இடத்தில்
திரை நீலமானது.

ஒரு சோகமுகம் வரைந்து
மன்னிப்புக் கேட்டது இயந்திரம்,
என் சார்பில் என்றே இப்போது தோன்றுகிறது.

மறுபடி எழுதவில்லை.
மறுநாள் அவளே கூப்பிட்டாள்,
அங்கே பனி முட்டளவா இடுப்பளவா என்று கேட்க.
இடுப்பளவு என்று பொய் சொன்னேன்.

ஆக, அந்த வரி இங்கேதான் கிடக்கிறது.
எண்ணும் எழுத்துமாய்ப் பொடிந்து,
எந்த மூலையில் என்று எனக்கே தெரியாமல்.
தோண்டத் தெரிந்தவன் தோண்டினால்
உயிரோடு எழுந்து வரும்.

நிச்சயமாகவா? என்றது.
இந்தக் கேள்வியை அன்றைக்கு யார் கேட்டார்கள்.

ஆம்.

பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது.
தேநீர் போட்டு வருவதற்குள்
சிவப்பு நீலமாகிவிட்டது.

லொரெய்ன் சொன்னபடி ஒரு பெட்டியைத் திறந்து
'முழு நினைவு' என்றிருந்ததைச்
'சிறு நினைவு' என்று மாற்றினேன்.
இனி விழுந்தால்
எங்கே கால் தடுக்கியது என்பது மட்டும் போதும்,
கையில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்கமாட்டேன்.

படங்கள் ஒவ்வொன்றாய் உட்கார்ந்தன.
நொறுங்கிய கண்ணாடி, சரிந்த ஏர்பேக்,
பின் சீட்டில் கலையாத முட்டை டப்பா.
ஓட்டி வந்தவர் வெய்னின் வண்டியில் காப்பி குடிக்கிறாராம்.
பன்னிரண்டாவதில் வெய்னின் கட்டைவிரல் மட்டும்.
அதையும் சேமித்தேன்.
இடம் இருக்கிறது.